அக்கரைச் சீமையில் தொற்றி வரும் வியாதி

கோபிநத்தம் என்றதும் எல்லோருக்கும் சந்தனக்கட்டை வீரப்பன்தான் நினைவுக்கு வருவான். அவன் பிறந்த ஊர் அது. மாதேசுவரன் மலைக்கும் ஒகேனக்கலுக்கும் இடையே, காவிரிக் கரைக் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் தமிழ்க் கிராமம். 1956-ம் ஆண்டு மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, கோவை மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் தாலுகா மைசூர் ராஜ்யத்தில் சேர்ந்தது. அதோடு இந்த எல்லைப்புறத் தமிழர்களும் சேர்ந்தார்கள். 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த பகுதி, இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது.

அந்த ஊரில் வேறொருவர் பெயரையும் மரியாதையோடு சொல்கிறார்கள். வன அதிகாரி ஸ்ரீனிவாஸ். துப்பாக்கியைக் காட்டிலும் மருந்தும் தண்ணீரும்தான் ஜனங்களை வசப்படுத்தும் என்று நம்பியவர். கோபிநத்தத்தில் மருந்தகம் ஏற்படுத்தினார். மாரியம்மன் கோயில் கட்டுவித்தார். 1991 நவம்பர் 10-ம் தேதி வீரப்பன் அவரை வஞ்சகமாக வரவழைத்துக் கொன்றான். அரசு அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கியது.

மருந்துக்கு ஒரு வன அதிகாரி தயவு பண்ண வேண்டியிருந்த இம்மாதிரி எல்லைக் கிராமங்களிலிருந்து வாலிபர்கள் பிழைப்புத் தேடி வெளியே போவது புதிதல்ல. கல்குவாரி, கட்டட வேலை, பனியன் கம்பெனி, பெங்களூர் என்று போகிறார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறார்கள். பாஸ்போர்ட் பற்றி ஏஜெண்டு சொல்லிக் கொடுப்பார். விமானத்தில் எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்று முன்னே போனவன் சொல்வான். ஊறுகாயை எப்படிக் கட்டுவது என்று தாயார் சொல்வாள். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஊரை விட்டு, பெண்டாட்டி பிள்ளையை விட்டு, இரண்டு வருஷம் மூன்று வருஷம் தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துக் கிடக்கும் ஆண்பிள்ளை, ஒரு சனிக்கிழமை ராத்திரி கூட்டாளிகளோடு எங்கே போவான் என்கிற விஷயம்.

போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். மாலுமிகளும் போனார்கள், சிப்பாய்களும் போனார்கள். இன்று சுற்றுலாவுக்கு என்று பாங்காக், பட்டாயா போகும் உத்தியோகஸ்தர்களும் வியாபாரிகளும் போகிறார்கள். அதை நியாயப்படுத்துவதற்கோ சபிப்பதற்கோ வேறு இடங்கள் உண்டு. காசு கொடுத்துப் பெறும் அந்த அரைமணி நேரத்தோடு கூட வேறு என்ன வருகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

பரங்கி கொண்டு வந்த புண்

இந்த வியாதி பயணத்தில் பிறந்தது என்று சொல்வதற்கு நம் தமிழ்ச் சொல்லே சாட்சி. கிரந்திப் புண்ணுக்கு நம் பெரியவர்கள் வைத்த இன்னொரு பெயர் பரங்கிப்புண். பரங்கி என்றால் ஐரோப்பியன். 1498-ல் வாஸ்கோட காமா கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கிய பிறகு, போர்ச்சுக்கீசிய மாலுமிகளோடு வந்து இறங்கியது இது. 16-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பாவப்பிரகாசம்' என்ற ஆயுர்வேத நூல் இதைப் 'பிரங்க ரோகம்' என்றே குறிக்கிறது. அதற்குக் கொடுத்த மருந்துப் பட்டைக்குக்கூட நாட்டு மருந்துக் கடையில் இன்றும் பரங்கிப்பட்டை என்றுதான் பெயர்.

வேடிக்கை என்னவென்றால் ஐரோப்பாவிலும் இதே கதைதான். பிரெஞ்சுக்காரன் இதை நேப்பிள்ஸ் வியாதி என்றான். இத்தாலிக்காரன் பிரெஞ்சு வியாதி என்றான். ருஷ்யாக்காரன் போலந்து வியாதி என்றான். தன் ஊர் வியாதி என்று ஒப்புக்கொண்ட ஊர் ஒன்றுகூடக் கிடையாது.

வெள்ளைக்காரன் இங்கே ஆண்டபோது அவனுடைய சிப்பாய்களில் ஏராளமானவர்கள் இதில் விழுந்தார்கள். 1868-ல் ஒரு சட்டம் போட்டு, தண்டுகளை அடுத்து வாழ்ந்த தாசிகளைப் பிடித்துப் பரிசோதித்து, வியாதி இருந்தால் ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்தார்கள். பெண்ணை அடைத்தார்கள், அவளிடம் வந்த சிப்பாயை அடைக்கவில்லை. அதனால் வியாதியும் அடங்கவில்லை. கண்டனம் வலுத்து, 1888-ல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். ஆனால் அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. வியாதிக்குக் காரணம் பெண் என்றே இன்றும் பேசுகிறோம். அவளுக்கு அதைக் கொடுத்தவனும் ஒரு வாடிக்கைக்காரன்தான்.

தானே ஆறும் புண்

கிரந்தியில் ஒரு சூது இருக்கிறது. தொற்றிய பத்து நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள், பெரும்பாலும் மூன்று வாரத்தில், ஒரு புண் தோன்றும். வலிக்காது. ஒன்றும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும். சில வாரமோ மாதமோ கழித்து உடம்பில், முக்கியமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், செம்புள்ளிகள் வரும். அதுவும் மறைந்து போகும். பிறகு வருஷக்கணக்கில் சத்தமே இராது. பத்து, இருபது வருஷம் கழித்து இருதயத்தையோ மூளையையோ கண்ணையோ பிடிக்கும்.

லாட்ஜ் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் போலி டாக்டர்களுக்குச் சோறு போடுவது இந்தச் சூதுதான். 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று சுவரிலும் பத்திரிகையிலும் கூப்பிட்ட விளம்பரங்களைப் பார்க்காத தமிழன் உண்டா? அங்கே போனவனுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு லேகியமும் சூரணமும் கொடுப்பார்கள். புண் ஆறும். 'பார்த்தாயா, கைராசி!' என்பார்கள். புண் தானாக ஆறியதே தவிர, வியாதி உள்ளேதான் இருக்கிறது. இதற்கு அரசு ஆஸ்பத்திரியில் ஆரம்பத்திலேயே போட்டுக்கொள்ளும் பென்சிலின் ஊசி பெரும்பாலும் ஒன்றே ஒன்று. காசு கிடையாது.

வெட்டை வேறு ரகம். இரண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் நீர்க்கடுப்பு எடுக்கும், சீழ் வரும். ஆண்பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். பெண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. தெரியாமலே கருக்குழாய் அடைத்து, 'மலடி' என்ற பெயரைச் சுமக்கும் பெண்கள் உண்டு. குழந்தை இல்லை என்று அவளைத்தான் கோயில் கோயிலாக அழைத்துப் போவார்கள். கிளாமிடியா என்ற இன்னொரு கிருமியும் இதே வேலையைச் செய்கிறது. அது ஆணுக்கும் பல சமயம் தெரியாது.

வெட்டைக்கு மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் எவ்வளவு கெடுதல் என்பதை ஒரு சம்பவம் காட்டியது. 2018 மார்ச்சில் இங்கிலாந்து சுகாதாரத் துறை ஒரு செய்தி வெளியிட்டது. அந்த நாட்டு ஆசாமி ஒருவர், தென்கிழக்கு ஆசியாவில் ஒரு பெண்ணோடு ஏற்பட்ட தொடர்பில் வெட்டையை வாங்கி வந்தார். வழக்கமாகப் போடும் இரண்டு மருந்துகளுக்கும் அது அசையவில்லை. உலகத்தில் அப்படிப் பதிவான முதல் கேஸ் அது. ஆஸ்பத்திரியில் வேறு கடுமையான மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றித்தான் குணப்படுத்தினார்கள். அளவும் நாளும் இல்லாமல் மருந்து தின்று தின்று, கிருமி அந்த மருந்துகளுக்குப் பழகிவிட்டது.

சென்னையில் கிடைத்த ஆறு புட்டி ரத்தம்

எய்ட்ஸ் என்பது அமெரிக்காக்காரன் வியாதி, நம் ஊருக்கு வராது என்று 1980-களில் நம் நாட்டிலும் மார்தட்டினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் அதை நம்பவில்லை. தம்மிடம் மேற்படிப்புப் படித்த நிர்மலா என்ற மாணவியை, பாலியல் தொழிலில் ஈடுபட்டுப் பிடிபட்ட பெண்களின் ரத்தத்தைச் சேகரித்து வரச் சொன்னார். நிர்மலா தயங்கினார், பிறகு துணிந்தார். கணவரின் துணையோடு, காப்பகத்துக்குப் போய்ப் பெண்களோடு பேசி ரத்தம் எடுத்தார். பரிசோதனைக் கருவி இருந்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். ரத்த மாதிரிகளைப் பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டு போனார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. அமெரிக்காவில் மறுபடி சோதித்தும் அதே முடிவு. 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது இப்படித்தான் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டசபையில் அறிவித்தபோது, சோதனை தப்பு என்று சொன்னவர்களும் உண்டு.

சென்னையிலிருந்து அது சாலை வழியாகப் போனது. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டம், கர்ப்பிணிகளின் ரத்தச் சோதனையில் நாட்டிலேயே தொற்று மிகுந்த மாவட்டங்களில் ஒன்றாகத் தெரியவந்தது. கர்ப்பிணிகள்! வீட்டு வாசற்படி தாண்டாத பெண்கள். அந்தப் பக்கத்தைச் சேர்ந்த கௌசல்யா என்ற பெண்மணிக்கு, கல்யாணமான சில நாளிலேயே கணவர் மூலம் தொற்றியது. அவர் மூலையில் உட்கார்ந்து அழாமல், 1998-ல் தொற்றுள்ள பெண்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கி, தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் நாடு முழுவதும் பேசினார். அவர் செய்த பிழை ஒன்றுமில்லை. பெரியவர்கள் பார்த்து வைத்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினார், அவ்வளவே.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் கணவன் பெட்டியைத் திறக்கும்போது குழந்தைகள் சுற்றி நிற்கும். சென்ட் பாட்டில் வரும், போர்வை வரும், பால் பவுடர் வரும். பெட்டியில் இல்லாத ஒன்றை, அவனுக்கே தெரியாமல், அன்றிரவு அவன் மனைவிக்குக் கொடுக்கிறான். எச்.ஐ.வி. தொற்றிய இரண்டு, நாலு வாரத்தில் சாதாரணக் காய்ச்சல் போல வந்து போகும். சிலருக்கு அதுவும் வராது. அதன் பிறகு பல வருஷம் ஆள் திடகாத்திரமாக இருப்பான். கிரந்தியும் அப்படியே. அது கர்ப்பிணிக்கு இருந்தால் கரு கலையும், குழந்தை செத்துப் பிறக்கும், பிழைத்தாலும் ஊனத்தோடு பிறக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஒரு கிருமியும் இதே வழியில்தான் பெண்ணிடம் வந்து சேருகிறது.

சுகாதார அட்டையும் மெடிக்கலும்

'அங்கே எல்லாம் கவர்ன்மெண்ட் செக்கப் இருக்கிறது' என்று கூட்டாளி தைரியம் சொல்வான். சிங்கப்பூர் கேலாங்கில் அனுமதி பெற்ற விடுதிப் பெண்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் அட்டை என்ன சொல்கிறது? போன பரிசோதனையன்று இன்ன வியாதி தென்படவில்லை என்கிறது. அதற்குப் பிறகு வந்துபோன ஆட்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. தொற்றிய உடனே எச்.ஐ.வி. ரத்தத்தில் தென்படவும் செய்யாது. சோதனையின் வகையைப் பொறுத்து ஒன்றரை மாதம், மூன்று மாதம்கூட ஆகலாம். அந்த இடைக்காலத்தில்தான் மிக வேகமாகப் பரப்பும். அட்டை இல்லாமல் தெருமுனையிலும் லேபர் கேம்ப் பக்கத்திலும் நடப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏமாற்றி அழைத்து வரப்பட்டு, பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து நிற்கும் பெண்களும் அங்கே உண்டு. வேண்டாம் என்று வாடிக்கைக்காரனிடம் சொல்ல அவளுக்கு ஏது வாய்?

பிழைப்புக்குப் போனவன் கவனிக்க வேண்டிய இன்னொன்று மெடிக்கல். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் இங்கே ரத்தம் எடுக்கிறார்கள். அங்கே போனதும் எடுக்கிறார்கள். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் எடுக்கிறார்கள். எச்.ஐ.வி. என்றால் 'அன்ஃபிட்'; அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மலேசியாவிலும் வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சோதனை உண்டு, தேறாதவன் திரும்ப வேண்டியதுதான். சிங்கப்பூரிலும் தொற்று இருந்தால் வேலை அனுமதி கிடையாது. இந்த விஷயத்தில் அந்த நாடுகள் செய்வது மனிதத்தன்மை அல்ல. ஆனால் ஏஜெண்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டிய கடன் பாதியில் நிற்கும்போது யாரிடம் போய் நியாயம் கேட்பது? வளைகுடாவில் விபசாரமே குற்றம் என்பதால், வியாதி வந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயப்படுகிறான். உடம்போடு வைத்துக்கொண்டு ஊருக்கு வருகிறான்.

ஐந்து பைசா நிரோத்

இதற்கெல்லாம் தடுப்பு மிகச் சாதாரணமானது. 1968-ல் மத்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுக்காக நிரோத்தை ஒன்று ஐந்து பைசா என்று பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும்படி விற்றது. அதே உறைதான். எய்ட்ஸ் வந்தபோது தாய்லாந்து அதைத்தான் எடுத்தது. விபசாரத்தை ஒழிக்கிறேன் என்று வீண் சபதம் போடாமல், விடுதிகளில் உறை இல்லாமல் யாரும் யாரையும் அனுமதிக்கக் கூடாது என்று 1989-ல் ஒரு மாகாணத்தில் ஆரம்பித்து, பிறகு நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 1989-ல் அந்த விடுதிகளில் நூற்றுக்குப் பதினாலு பேர்தான் உறை உபயோகித்தார்கள். 1993-ல் தொண்ணூற்று நாலு. பால்வினை நோயோடு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த ஆண்கள் ஐந்தில் நாலு பங்கு குறைந்துபோனார்கள். உறையைப் பரப்ப ஊர் ஊராகப் போன மீச்சாய் என்ற தலைவரின் பெயராலேயே தாய்லாந்து ஜனங்கள் உறையை 'மீச்சாய்' என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? மைசூரிலேயே 2004 முதல் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் 'ஆசோதயா' என்ற அமைப்பாகக் கூடித் தாங்களே கிளினிக், பிரசாரம் என்று நடத்தினார்கள். 2004-ல் அவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு இருந்த கிரந்தி, 2006-ல் பன்னிரண்டு பேராகக் குறைந்தது. போலீஸ் தடியால் நூறு வருஷத்தில் நடக்காதது இரண்டு வருஷத்தில் நடந்தது.

உறையிலும் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் உண்டு. பர்சில் வைத்து மாதக்கணக்கில் உட்கார்ந்தால் அது நைந்துவிடும். தேங்காயெண்ணெய், வாசலின் பட்டால் ரப்பர் கிழியும். பத்திரம் என்று இரண்டு போட்டால் இரண்டும் உரசிக் கிழியும். பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். குடித்துவிட்டுப் போகிறவனுக்கு இதில் ஒன்றும் ஞாபகம் இராது. பல பேர் மாட்டிக்கொள்வது சாராயத்தால்தான். முடிந்த பிறகு டெட்டாலால் கழுவுவது, எலுமிச்சம்பழம் தேய்ப்பது, சிறுநீர் கழிப்பது எதுவும் கிருமியைத் தடுக்காது. அறியாப் பெண்ணோடு சேர்ந்தால் தீரும் என்பது மூடநம்பிக்கை மட்டுமல்ல, மகாபாதகம். மஞ்சள் காமாலை பி வகைக்கு மூன்று தவணைத் தடுப்பூசி உண்டு. விமானம் ஏறுவதற்கு ஆறு மாதம் முன்பே ஆரம்பித்தால் மூன்றையும் முடித்துக்கொண்டு போகலாம்.

உறை கிழிந்துவிட்டதா, இல்லாமலே நடந்துவிட்டதா? எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டாக்டர் பார்த்து, தேவை என்றால் இருபத்தெட்டு நாளைக்கு மாத்திரை கொடுப்பார். அது எச்.ஐ.வி. நிலைகொள்ளாமல் தடுக்கும். மூன்று நாள் கடந்துவிட்டால் அந்த மாத்திரை பயன்படாது.

ஊருக்குத் திரும்பியவன்

திரும்பி வந்தவன் வீட்டுக்காரியோடு சேருவதற்கு முன்னால் சோதனை செய்துகொள்வதுதான் முறை. கடைசித் தொடர்புக்கு மூன்று மாதம் கழிந்து சுத்தம் என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாம். அதுவரை வீட்டிலும் உறைதான். 'எப்படிச் சொல்வது?' என்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம். ஆஸ்பத்திரி ஆலோசகர்கள் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். புண்ணுக்கோ வெட்டைக்கோ மருந்து சாப்பிட்டால் இருவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும்.

எச்.ஐ.வி. என்றே வந்தாலும் 1990-களில் இருந்த நிலை இன்று இல்லை. அப்போது மருந்து மாதம் ஆயிரக்கணக்கில் விற்றது. நிலத்தை விற்று வாங்கியவர்கள் உண்டு. 2004 ஏப்ரல் 1-ம் தேதி முதல் தாம்பரம் சானடோரியம் உள்பட எட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் மாவட்டம்தோறும் கொடுக்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தினம் ஒரு மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, கிருமி ரத்தத்தில் தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. தொற்றுள்ள கர்ப்பிணியும் முறையாக மருந்து சாப்பிட்டால் குழந்தைக்கு அநேகமாக வராது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, சம்மதம் இல்லாமல் யாருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது. ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் கம்பெனித் தொழிலாளிக்கும் இது பொருந்தும்.

கோபிநத்தத்துக்காரர் இதற்குக் கொள்ளேகாலுக்கும் போகலாம், மேட்டூருக்கும் போகலாம். சொந்த ஊரில் முகம் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று கூசுகிறவர்கள் பெங்களூரில் வேலை பார்க்கும் இடத்திலேயே சோதனை செய்துகொள்ளலாம். மருந்து ஒரு மாநிலத்தில் ஆரம்பித்து, வேலை மாறி வேறு மாநிலம் போனாலும், கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அங்கே உள்ள மையத்தில் தொடர்ந்து கொடுப்பார்கள். எந்த போனிலிருந்தும் 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலும் பேசுகிறார்கள், கன்னடத்திலும் பேசுகிறார்கள்.